கூடுதல் மெஜந்தா

"தொழுதுட்டு வந்துர்றேன் தங்கச்சி. அதுக்குள்ள ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணிருங்க. அவசரமெல்லாம் இல்ல," என்று சொல்லிவிட்டு சிக்கந்தர் பாய் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு ஷட்டரைப் பாதி இறக்கிப் போய்விட்டார். முடிவு பண்ணு என்பதும் அவசரமில்லை என்பதும் ஒரே மூச்சில் எப்படித்தான் வருகிறதோ. என் வீட்டுக்காரரும் இந்த ரகம்தான், காலையில் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும்போது "பாத்து வாங்கு கனி, உனக்குத் தெரியாததா" என்றார், எனக்குத் தெரியும் என்று நினைத்தால் பார்த்து வாங்கச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது மதுரையில், டவுன்ஹால் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், பழைய லேப்டாப் விற்கும் கடையில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். முன்பின் தெரியாதவளிடம் கடையை விட்டுவிட்டுப் போகிறாரே, நான் ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தால் என்ன செய்வார், நடக்கமாட்டேன் என்று என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது போல. ஷட்டருக்குக் கீழே கால்கள் மட்டும் போகின்றன. பள்ளிவாசலை நோக்கி வேகமாகப் போகும் கால்கள், எங்கே போவதென்று தெரியாமல் நின்று திரும்பும் கால்கள், கொலுசு போட்ட சின்னக் கால்களை இழுத்துக்கொண்டு போகும் பெரிய கால்கள். என் முன்னால் மேஜையில் இரண்டு மெஷின்கள் திறந்திருக்கின்றன. இடது பக்கம் வெள்ளி நிறத்தில் ஒல்லியானது. வலது பக்கம் கறுப்பு, தடிமன், மூலையில் ஏதோ பெங்களூர் கம்பெனி ஸ்டிக்கரைச் சுரண்டிய பசை இன்னும் ஒட்டுகிறது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதுதான் தொல்லை. விலையில் வித்தியாசம் இருந்தால் ஏழைக்கு முடிவெடுப்பது சுலபம்.

வெள்ளி அழகு. அதைச் சொல்லிவிட வேண்டும். திரையைத் திறந்தவுடனே கண்ணுக்குள் குளிர்ச்சியாக ஏதோ நடந்தது. ஆனால் அதன் ரேம் போர்டோடு பற்றவைத்தது, பேட்டரி பசை போட்டு ஒட்டியது, "இது போச்சுன்னா மொத்தமாப் போச்சு தங்கச்சி, ஒளிச்சு விக்க மாட்டேன்" என்று பாய் அவரே சொன்னார். கறுப்பைக் கவிழ்த்துப்போட்டு ஸ்க்ரூக்களை எடுத்தால் வயிறு திறந்துகொள்கிறது. ரேமுக்கு இரண்டு இடம், ஒன்று காலி. பேட்டரியைக் கழற்றலாம், கீபோர்டைக் கழற்றலாம், விசிறியைத் துடைக்கலாம். பெரிய கம்பெனிகள் மொத்தமாக வாங்கி மொத்தமாக வெளியே தள்ளுகிற ரகம் என்பதால் உதிரி பாகம் எப்போதும் கிடைக்கும். என்னைப் போன்றவளுக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை, இது ஒரு சீட்டுப் பணம், எடுத்தாயிற்று, இன்னொரு சீட்டு இந்த ஜென்மத்தில் கிடையாது, பழுதானால் கையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கவேண்டும். பிறகு ஏன் என் நாற்காலி இடது பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து போகிறது. விசிறி சுற்றுகிறதே தவிரக் காற்று வரவில்லை. கடைக்குள் சூடான பிளாஸ்டிக் வாசனை, அதற்குள் எங்கிருந்தோ ஒரு பிரியாணி வாசனை. காலையில் தின்ற இரண்டு இட்லி எந்த மூலைக்குப் போனதென்று தெரியவில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இரண்டிலும் ஓடுகிறது. வீட்டில் தமிழ் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்தேன், சொருகினால் அதிலிருந்தே கிளம்பும், உள்ளே இருக்கும் எதையும் தொடாது. பாய் ஒரு மாதிரி பார்த்தார், பொம்பளை ஆள் லினக்ஸ் கேட்டு வருவது கடைக்குப் புதிது என்று நினைத்தேன், அவரோ "எங்கிட்ட வாங்குறவங்க பாதிப்பேர் இப்ப அதைத்தான் கேக்குறாங்க, காசு கட்டி யாரு மாளுறது" என்று என் பெருமையில் மண்ணைப் போட்டார். அவர் சொல்வது சரிதான். ஆபீஸில் இருக்கும் சாஃப்ட்வேர் ஆபீஸுடையது, மாதாமாதம் வாடகை கட்டுகிறார்கள், நான் வரைந்ததைத் திறப்பதற்கே நான் வாடகை கட்டவேண்டும் என்றால் அது எந்த ஊர் நியாயம். இதில் படம் வரைகிற கிரிட்டா இலவசம். என் பேனா டேப்லெட்டைச் சொருகினேன், லேசாக அழுத்தினால் மெல்லிய கோடு, பலமாக அழுத்தினால் தடித்த கோடு, இரண்டு மெஷினிலும் சொன்னபடி கேட்கிறது. மூடித் திறந்தேன், விழித்துக்கொண்டது. வைஃபை பிடிக்கிறது. சரிபார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் நான் பயப்படுவது இதற்கெல்லாம் இல்லை. இன்று மதியம் சென்னையிலிருந்து சாருமதி மேடம் பேசுவார்கள், குழந்தைகள் புத்தகம் போடுகிறவர்கள், நான் அனுப்பிய ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குப் படம் போடுகிற வேலை எனக்கா இல்லையா என்று சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு என்றால் திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் இந்த மெஷினில் என் படம். இல்லை என்றால் திங்கட்கிழமையிலிருந்து வழக்கம்போல விரல்.

விரல் என்றால், காலண்டர் ஆபீஸில் போன வருசத்திலிருந்து சாமி படங்களைக் கம்ப்யூட்டரே வரைந்துவிடுகிறது. என்ன வேண்டும் என்று எழுதிக்கொடுத்தால் போதும், லட்சுமி வருகிறாள், தாமரை வருகிறது, யானை வருகிறது, கையில் ஆறு விரலும் வருகிறது. இருபது வருசமாக டிசைன் ரூமில் உட்கார்ந்து கிருஷ்ணனுக்குக் கன்னம் வைத்தவள் நான், இப்போது என் வேலை வந்த சாமிக்கெல்லாம் விரல் எண்ணி அதிகப்படியானதை எடுப்பது. கூட ஒரு விரல் இருந்தால் பரவாயில்லை என்று ஒருநாள் அசதியில் விட்டுவிட்டேன், சாமிதானே, நாலு கையை ஒத்துக்கொண்டவர்கள் ஆறு விரலை ஒத்துக்கொள்ள மாட்டார்களா, அதற்கு தனுஷ்கோடி அண்ணாச்சி, அவர்தான் டிசைன் ரூமுக்குப் பொறுப்பு, சத்தம் போட்டார். வேலை கஷ்டமில்லை. கஷ்டமில்லாததுதான் பயமாக இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது நான் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே அந்தப் படத்தை வரைந்தேன், டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் நாலு குழந்தைகள், ஒன்று கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டிருக்கிறது, கண்டக்டர் காதில் பேனாவைச் சொருகிக்கொண்டு தலையில் அடித்துக்கொள்கிறார். வரைந்து முடித்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெகுநாள் கழித்து வந்த சந்தோஷம், அதனால் அதை யாரிடமும் காட்டாமல் நேராகச் சென்னைக்கு அனுப்பிவிட்டேன்.

அதைத் திறந்து பார்க்கலாம் என்று தோன்றியது, திரையைச் சோதிக்கச் சொந்தப் படத்தைவிட வேறு எது நல்லது. முதலில் கறுப்பில் திறந்தேன். இருக்கிறார்கள் நாலு பேரும், கொஞ்சம் மங்கல், கொஞ்சம் பழசான கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி, ஆனால் அவர்கள்தான். பிறகு வெள்ளியில். ஒரு நிமிஷம் வேறு யாரோ வரைந்த படம் என்று நினைத்தேன். நாலு குழந்தைகளுக்கும் முகம் பச்சை. இலைப் பச்சை இல்லை, மஞ்சள்காமாலை வந்து ரெண்டு வாரம் ஆன பச்சை. மூக்கை நசுக்குகிற பயலுக்கு வாந்தி வரப்போகிறது மாதிரி இருக்கிறது. கண்டக்டரும் பச்சை. அழகான திரை என்று கொண்டாடினேனே, இதுவா அழகு, சாயம் போன திரை, பழுது, பாய் நம்மை ஏமாற்றப் பார்த்திருக்கிறார், பாவம் தொழுகைக்குப் போயிருக்கிற மனிதரைப் பற்றி இப்படி நினைக்கிறேன். ஆனால் என் மனசு அவசர அவசரமாகக் கறுப்பை எடுத்துக் கட்டச் சொன்னது. அது நல்ல மெஷின், கழற்றலாம் மாட்டலாம், அதில் என் படம் நன்றாகவும் இருக்கிறது, இதற்குமேல் என்ன. இதற்குமேல் என்ன என்று கேட்டுக்கொண்டே மறுபடியும் வெள்ளியைப் பார்த்தேன். அதிலிருந்த வெள்ளை வெள்ளையாக இருந்தது. மேஜையில் கிடந்த பில் தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன், இரண்டும் ஒரே வெள்ளை. கறுப்புக்குப் பக்கத்தில் பிடித்தேன், அங்கே திரை வெற்றிலைச் சாறு பட்ட வேட்டி மாதிரி லேசாகச் சிவந்து கிடந்தது.

சில சமயம் என் போனிலும் அந்தப் படம் கொஞ்சம் பச்சையாகத் தெரிந்ததுண்டு. போன்தானே என்று விட்டுவிட்டேன். போனை யார் நம்புவார்கள், இருபது வருசம் பார்த்த மானிட்டரை நம்புவேனா போனை நம்புவேனா. கழுத்து வலித்ததால் நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குவதைப் பார்த்தேன், ஏதோ பேட்டரி ஏஜென்சி கொடுத்தது, முயல் குட்டியை அணைத்துக்கொண்டிருக்கும் ஒரு குண்டுக் குழந்தை. சாமி படம் வேண்டாம் என்கிறவர்களுக்காக எங்கள் ஆபீஸில் போடுவது. நான் போட்டது. எங்கே பார்த்தாலும் எனக்கு ஒரு சின்னக் கர்வம் வரும், யாருக்கும் தெரியாது, பஸ்ஸில் டீக்கடையில் நம் குழந்தை தொங்கும். கன்னம் ரோஸாக, முயலின் காது உள்ளே ரோஸாக, எல்லாம் நான் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அந்தக் குழந்தையும் என் பென் டிரைவில் இருக்கிறது, நல்லதாக வந்தவற்றை எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளியில் திறந்தேன். குழந்தை பச்சை. முயலும் பச்சை. சுவரில் ரோஸ், திரையில் பச்சை, ஒரே குழந்தை, நான் அனுப்பிய ஃபைல் பச்சை, அச்சாகி வந்தது ரோஸ், நடுவில் யாரோ குழந்தைக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். யார் என்று யோசிக்கக்கூட வேண்டியதில்லை. கொண்டல்சாமி அண்ணன். அச்சடிக்கும் ஆஃப்செட் மிஷினை ஓட்டுகிறவர், மெஜந்தா என்கிற ரோஸ் மை அவர் கையில்தான். "உன் வேலை வருதுன்னாலே நான் மெஜந்தா டப்பாவைத் தொறந்து பக்கத்துல வச்சுக்குவேன் கனி" என்று எப்போது பார்த்தாலும் சொல்லிச் சிரிப்பார். நான் அதைப் பாராட்டு என்றல்லவா நினைத்தேன். நம் சாமிகளுக்கு அவ்வளவு களை, அவ்வளவு ரோஸ், மை கொஞ்சம் தாராளமாகச் செலவாகிறது என்று கேலி செய்கிறார், செய்துவிட்டுப் போகட்டும் என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது, சாருமதி மேடம் இல்லை, அண்ணாச்சி. "என்ன தாயி, மதுரையில இருக்கியாமே. திங்கக்கெழமை வந்துருவேல்ல? ஒரு சரஸ்வதி வந்திருக்கு, வீணை வாசிக்கிற கையில ஏழு விரலு. பார்ட்டி நெருக்குறான்." வந்துருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும், என் வேலைக்கு மட்டும் மிஷின்ல மெஜந்தா கூட வைப்பாங்களா?" என்றேன். "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானத்தா. உன் மானிட்டர் பழசுல்ல, சிவப்பு தூக்கிக் காட்டும். நீ பச்சையைக் கூட்டிப்புடுவ. கொண்டல்சாமி அங்க சரி பண்ணிக்கிருவான்." "எனக்கு ஏன் அண்ணாச்சி சொல்லல?" "சொன்னா நீ கோவிச்சுக்குவ. அதுவும்போக சரியாத்தான வருது, எதுக்குக் கெளறணும்னு விட்டாச்சு. இப்ப என்ன திடீர்னு?" ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அச்சுக்குப் பிளேட் போடுகிறவருக்கு, மிஷின்மேனுக்கு, பைண்டிங்கில் இருக்கும் அக்காக்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும். நான் மட்டும் அந்த ரூமில் ஒரு பொய்க்கு முன்னால் உட்கார்ந்து நுணுக்கி நுணுக்கிக் கன்னம் வைத்திருக்கிறேன், பின்னால் ஒருத்தர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அவர்கள் மேல் கோபம் வரவில்லை, அன்பாகத்தான் செய்திருக்கிறார்கள், அதுதான் அவமானமாக இருக்கிறது. கனியின் கலர் என்று ஊரில் பார்ட்டிகள் கேட்டு வாங்குவார்கள். அது கனியின் கலரே இல்லை. அப்படியானால் கனிக்கு என்று ஒரு கலர் இருக்கிறதா, கண் என்று ஒன்று இருக்கிறதா, இல்லை பழைய மானிட்டர் ஒரு பக்கம் இழுக்க கொண்டல்சாமி மறுபக்கம் இழுக்க நடுவில் நான் சும்மா இருந்தேனா.

சென்னையில் கொண்டல்சாமி இல்லை. அந்தப் படம் அப்படியே பச்சையாகப் போய் இறங்கியிருக்கிறது, அங்கே நல்ல நல்ல திரைகளில் திறந்திருப்பார்கள், சுற்றி நின்று பார்த்திருப்பார்கள், சிவகாசியிலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார், குழந்தைகளுக்கு என்ன நோய் என்று கேளுங்கள். முடிந்தது. இனி எந்த மெஷின் வாங்கினால் என்ன. கறுப்பையே வாங்கிவிடலாம், அதில் எல்லாம் நன்றாகத் தெரியும், வீட்டில் நானே பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம், பழுதானால் கழற்றிச் சரிசெய்து மறுபடியும் பார்க்கலாம், ஆயுளுக்கும் உழைக்கிற பொய். நல்ல காரணம் கையில் இருக்கும்போதுதான் மனுசன் கெட்ட காரணத்துக்காக ஒன்றைச் செய்வான். பழுது பார்க்க வசதி என்று ஊருக்குச் சொல்வேன், என் வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்வார், எனக்கு மட்டும் தெரியும் நான் எதற்காக அதை எடுத்தேன் என்று. இல்லை, கொஞ்ச நாளில் எனக்கும் மறந்துபோகும். அப்படி மறந்துபோவேன் என்பதுதான் எனக்குப் பயம், புத்தகம் கிடைக்காமல் போவதைவிடப் பெரிய பயம், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஷட்டருக்குக் கீழே கால்களே இல்லை. பள்ளிவாசலில் ஓதுவது ஒலிபெருக்கியில் இங்கே வரைக்கும் கேட்கிறது.

பேனாவை எடுத்தேன். வெள்ளியில், அந்தக் காமாலைக் குழந்தைகளைத் திறந்தேன். ஆபீஸ் சாஃப்ட்வேரில் அடுக்கடுக்காக, லேயர் லேயராக வைத்திருந்த ஃபைல் கிரிட்டாவில் பாதி சரியாகத் திறந்தது, பாதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது, முகங்கள் நல்லவேளை தனியாக இருந்தன. மொத்தமாகச் சிவப்பை ஏற்றினால் இரண்டு நொடியில் முடியும், கொண்டல்சாமி அதைத்தான் செய்வார். செய்து பார்த்தேன், பச்சை போனது, பஸ்ஸும் சேர்ந்து சிவந்தது, எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே ரோஸ், காலண்டர் ரோஸ். வேண்டாம் என்று திரும்பப் போனேன். ஒவ்வொரு முகமாக. மூக்கை நசுக்குகிறவன் வெயிலில் நின்றவன், கறுப்பு, அவனுக்கு ரோஸ் கிடையாது, கண்ணாடி படும் இடத்தில் மட்டும் வெளுக்கும். ரெட்டைச் சடைக்காரி மாநிறம், ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில். இப்படி ஒரு குழந்தையைக் கறுப்பாக நான் ஒருநாளும் போட்டதில்லை என்பது போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது, ஆபீஸில் யாரும் போடவிடமாட்டார்கள், நானும் கேட்டதில்லை. கை தயங்கியது. ஒவ்வொரு தடவையும் பழக்கத்தில் பச்சைப் பக்கம் ஓடியது, பிடித்து இழுத்தேன். கண் சொல்வதைக் கை நம்பவில்லை, ஆனால் கண் சொல்லிக்கொண்டே இருந்தது, அது சொன்னது எனக்குக் கேட்டது. இருக்கிறது. கண் இருக்கிறது. அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்தது, கொஞ்சம் அழுதேன், பாய் கடையில் ஆள் இல்லாதது வசதியாகப் போயிற்று.

ஷட்டர் மேலே போகும் சத்தம் கேட்டபோது முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "என்ன தங்கச்சி, வெள்ளிதானா? எனக்குத் தெரியும், அதைப் பாத்தவங்க அடுத்ததைப் பாக்க மாட்டாங்க" என்றார் பாய். "இல்ல பாய், கறுப்பு. ஆனா இந்தத் திரையோட என்னால வேலை பாக்க முடியாது. இதுக்கு வேற திரை போட முடியுமா, நெசமான கலர் காட்டுற மாதிரி?" அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கறுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதே மாடல்ல போர்டு செத்த மெஷின் ஒண்ணு மேல கெடக்கு, அதுல நல்ல ஐபிஎஸ் பேனல், கலரை உள்ளபடி காட்டுற திரை. போட்டுறலாம், ஸ்க்ரூதானே. கொஞ்சம் கூட ஆகும் பாத்துக்கங்க." கூட ஆகட்டும் என்றேன். எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை, வீட்டில் சொன்னால் திட்டு விழும். அவர் ஏணியில் ஏறி அட்டைப் பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருக்கும்போது சாருமதி மேடம் கூப்பிட்டார்கள்.

"செல்வக்கனி பேசறீங்களா? படம் எங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. முக்கியமா அந்த முகங்கள். பச்சை முகம்! குழந்தைங்க புத்தகத்துல யாருமே இப்படிப் போடத் துணியமாட்டாங்க. புத்தகம் முழுக்க அந்தப் பச்சையிலேயே வேணும், அதுதான் உங்க ஸ்டைல், அதை விட்டுறாதீங்க." நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். புத்தகம் எனக்கு. ஆமாம் மேடம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், பச்சை போடுவது எனக்கா கஷ்டம், இருபது வருசப் பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். சரஸ்வதியின் ஏழு விரலை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். வெள்ளித் திரையில் மூக்கை நசுக்கிக்கொண்டு அந்தக் கறுப்புப் பயல் என்னையே பார்க்கிறான், வரைந்து முடித்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. "மேடம், அந்தப் பச்சை நான் போட்டதில்ல. எங்க ஆபீஸ் மானிட்டர் கெட்டுப் போயிருக்கு, எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சது. நான் நெனச்ச படம் வேற. இப்ப அதைச் சரியாப் போட்டு வச்சிருக்கேன், அனுப்புறேன்." மேடம் குரல் கொஞ்சம் இறங்கி, "அப்படியா... சரி, அனுப்புங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கறோம். ஆனா எங்க டீம்ல எல்லாரும் அந்தப் பச்சையைத்தான்... புரியுது இல்லையா?" "புரியுது மேடம். ரெண்டையும் வச்சுப் பாக்க வேண்டாம். பழசை அழிச்சிருங்க. இது பிடிச்சா நான் வரையுறேன், பிடிக்கலேன்னா வேண்டாம்." என் குரல்தான் அது. கேட்பதற்கு நன்றாக இல்லை, ஆனால் என்னுடையது. பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லி அவர்கள் வைத்துவிட்டார்கள். படத்தை அனுப்பினேன். போய்விட்டது என்று காட்டியது. பாய் ஏணியிலிருந்து இறங்கித் தூசி படிந்த ஒரு திரையை மேஜையில் வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தார். "என்ன தங்கச்சி, வேலை கெடைச்சிருச்சா?" என்றார். "தெரியல பாய். நீங்க திரையை மாத்துங்க," என்றேன்.